ரிதம் பாக்ஸின் பூர்வீகம்

மெல்லிசைக் குழுக்காரர்கள் பழைய ரிதம் பாக்ஸைப் பழுதுக்குக் கொண்டுவரும்போது, மூடியைக் கழற்றியதும் எட்டிப் பார்த்து, “இதுக்குள்ள சத்தம் எங்கண்ணே இருக்கு?” என்று கேட்பார்கள். திருச்சியில் ஆம்ப்ளிஃபயரும் கீபோர்டும் பழுது பார்க்கிற தொழிலில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். உள்ளே டேப் இல்லை. சத்தத்தைப் பதிந்து வைத்த மெமரி ஐ.சி. இல்லை. பழுப்பு நிற போர்டில் ரெசிஸ்டர், கன்டென்சர், டிரான்சிஸ்டர், சில பெட்டிகளில் இரண்டொரு காயில், அவ்வளவுதான். போர்டின் ஒரு மூலை பேஸ் டிரம், இன்னொரு மூலை ஸ்நேர், நடுவில் விரற்கடை அகலத்தில் க்ளேவ்ஸ். ஒவ்வொரு அடிக்கும் அந்த மூலையில் சத்தம் புதிதாகப் பிறக்கிறது, அடங்குகிறது. எங்கேயும் சேமித்து வைக்கப்படவில்லை.

இப்படி ஒரு பெட்டி எப்படி வந்தது என்று தேடிப் போனால், பாதி வழியில் நம்மைப் போன்ற பழுதுக்கடைக்காரர் ஒருவரைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு. வீட்டில் இந்தச் சர்க்யூட்டைச் செய்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அவர் கதையைத்தான்.

தாளத்தை மின்சாரத்தால் உண்டாக்கும் முயற்சி 1930களிலேயே நடந்தது. ஹென்றி கொவெல் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் கேட்டதற்காக லியோன் தெரமின் ‘ரித்மிக்கான்’ என்ற கருவியைச் செய்து கொடுத்தார். அது மேடை அதிசயமாக நின்றுவிட்டது. கடையில் போய் வாங்கும் சரக்காக முதலில் வந்தது, 1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பெனி விற்ற ‘சைட்மேன்’. தனியாக ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்துணை என்பதுதான் அந்தப் பெயரில் இருந்த விஷயம். பார்வைக்கு ஒரு மர அலமாரி. உள்ளே ஒரு மோட்டார் ஒரு கையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டமான தட்டில் வரிசை வரிசையாகத் தொடுமுனைகள். கை எந்த முனையைத் தொடுகிறதோ, அந்த வாத்தியத்துக்குரிய வால்வு சர்க்யூட் ஒருமுறை ஒலிக்கும். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா என்று 12 தாளங்கள். சுற்றும் வேகத்தைக் கூட்டினால் காலப்பிரமாணம் கூடும். மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பத் தெரிந்த யாருக்கும் புரிகிற இயந்திரம்.

இந்த சைட்மேன் ஒன்று தோக்கியோ போய்ச் சேர்ந்தது. ஷின்ஜுகுவில் ஒரு கிளப் நடத்திக்கொண்டிருந்தார் த்ஸுதோமு காதோ. அங்கே அக்கார்டியன் வாசித்த ததாஷி ஒஸானாய், சைட்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் வாசித்து வந்தார். ஒஸானாய் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளர். தினமும் அதோடு வாசித்தவருக்கு அதன் குறைகள் அத்துப்படி. இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளியும் பணம் போட்டார். 1962இல் கெய்யோ என்ற கம்பெனி தொடங்கியது; 1963இல் ‘டொன்கா-மேட்டிக்’ வந்தது. சுற்றும் தட்டு, வால்வு எல்லாம் அதிலும் உண்டு. 1966இல் வந்த அடுத்த பெட்டியில் வால்வு போய் டிரான்சிஸ்டர் ஏறியது. இந்தக் கம்பெனிதான் பிற்பாடு கோர்க் என்று நாம் அறிந்தது. இன்றைக்குத் திருவிழாக் கச்சேரிகளில் வாசிக்கப்படும் கோர்க் கீபோர்டுகளின் வம்சத்துக்கு மூதாதை, ஒரு தாளப் பெட்டி.

நான் சொன்ன பழுதுக்கடைக்காரர் ஒஸாகாவைச் சேர்ந்த இகுதாரோ காகெஹாஷி. 1930இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் காசநோயில் போய்விட, தாத்தா பாட்டி வளர்த்தார்கள். போர் முடிந்த சமயம் பல்கலைக்கழகத்தில் சேர முயன்றார். உடம்பு சரியில்லை என்று சேர்க்கவில்லை. க்யூஷு தீவுக்குப் போய், பதினாறு வயதில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்தார். கடிகாரத்திலிருந்து ரேடியோவுக்கு வந்தார். கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு ஒஸாகா திரும்பியவரை அதே காசநோய் பிடித்தது. சில ஆண்டுகள் மருத்துவமனைப் படுக்கை. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. உடன் இருந்த நோயாளிகளின் ரேடியோக்களைச் சரிசெய்து கொடுத்தார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அவரைக் காப்பாற்றியது. 1954இல் ஒஸாகாவில் ‘காகெஹாஷி முஸென்’ என்று ரேடியோக் கடை. 1960இல் ஏஸ் எலெக்ட்ரானிக்ஸ்.

ஏஸ் டோன் என்ற பெயரில் 1964இல் அவர் செய்த முதல் தாளப் பெட்டியில் தாளம் தானாக ஓடாது. பொத்தானை அழுத்தினால் ஓர் அடி விழும். வாசிப்பவர்தான் ஒவ்வொரு அடியையும் போட வேண்டும். அமெரிக்காவில் காட்டினார்கள், யாரும் வாங்கவில்லை. 1967இல் ‘ரிதம் ஏஸ்’ எஃப்.ஆர்.-1 வந்தது. 16 தாளங்கள் ஏற்கெனவே போட்டு வைத்தது, நான்கு வாத்தியங்களை வேண்டுமானால் நிறுத்திவைக்கத் தனிப் பொத்தான்கள். ஹாமண்ட் ஆர்கன் கம்பெனியே இதைத் தன் ஆர்கனோடு சேர்த்து விற்றது.

சுற்றும் கையும் தட்டும் இந்தப் பெட்டியில் இல்லை. அவற்றின் வேலையை டயோடுகள் பார்த்தன. காகெஹாஷியின் பெயரைத் தொழிலில் நிலைநாட்டியது இந்த டயோடு வலைதான். ஒரு மின் எண்ணி ஒன்று, இரண்டு, மூன்று என்று கம்பி கம்பியாக மின்துடிப்பைக் கொடுத்துக்கொண்டே போகும். குறுக்கே வாத்தியங்களுக்கான கம்பிகள். எந்த மாத்திரையில் எந்த வாத்தியம் அடிக்க வேண்டுமோ, அந்தச் சந்திப்பில் ஒரு டயோடு. அடி வேண்டாத இடம் காலி. தாளத்தை இதைவிடத் தெளிவாக ஒரு பலகையில் எழுதிக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெட்டிகளின் தாளப் போர்டை வெளிச்சத்தில் பிடித்தால், டயோடு இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் பார்த்தே ரும்பா எது, வால்ட்ஸ் எது என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் செய்பவருக்கும் இதே வழிதான். 4017 என்று ஒரு ஐ.சி., எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். பூஜ்யம் முதல் ஒன்பது வரை அதற்குப் பத்து வெளிவழிகள். 555 ஐ.சி. ஒன்று காலப்பிரமாணம் போட்டால் 4017 வரிசையாக நடந்து போகும். ஏழாம் எண் வெளிவழியான 6ஆம் காலை 15ஆம் காலோடு சேர்த்துவிடுங்கள். ஏழு எண்ணியதும் எண்ணி முதலுக்குத் திரும்பும். மிஸ்ர சாப்பு! தகிட தக திமி. முதல் மாத்திரைக்கு பேஸ் டிரம், நான்காவதற்கும் ஆறாவதற்கும் க்ளேவ்ஸ். ஆக மொத்தம் மூன்று டயோடு. ஐந்தில் திருப்பினால் கண்ட சாப்பு. ஆர்கன் வாசிப்பவருக்காகச் செய்த ஜப்பான் பெட்டிகளிலோ அமெரிக்கப் பெட்டிகளிலோ சாப்புத் தாளத்தைத் தேடினால் கிடைக்காது. நமக்கு வேண்டியதை நாம்தான் டயோடு வைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வாத்தியத்துக்கு அடுத்தடுத்த இரண்டு மாத்திரையில் டயோடு வைத்தால் இரண்டு அடி கேட்காது. முதல் வெளிவழி அணையும்போதே அடுத்தது ஏறிவிடுவதால், நடுவில் மின்னழுத்தம் இறங்கவே இறங்காது. வாத்தியத்துக்கு அது ஒரே நீண்ட அடி. அந்தக் கம்பியை 555இன் துடிப்போடு சேர்த்து ஒரு ஆண்ட் கேட் வழியாக விட்டால், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வெட்டி விழும்.

தாளம் ஆயிற்று. அடி எங்கிருந்து வருகிறது? இதற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான்: பிரிட்ஜ்டு-டி என்ற சிறிய வலை. இரண்டு கன்டென்சரை வரிசையாக வைத்து, நடுவிலிருந்து ஒரு சிறிய ரெசிஸ்டரை எர்த்துக்கு இறக்கி, இரண்டு கன்டென்சருக்கும் மேலே பாலம் போல ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டால் முடிந்தது. இதை ஒரு 741 ஆப்-ஆம்பின் வெளிவழிக்கும் உள்வழிக்கும் நடுவில் கட்டுகிறோம். சும்மா இருக்கும்போது சர்க்யூட் மௌனமாக இருக்கும். ஒரு சின்ன மின்துடிப்பைக் கொடுத்தால் தனக்கென்று உள்ள ஒரு சுருதியில் அதிர்ந்து அடங்கும். மணியைத் தட்டினால் நடப்பது எதுவோ அதுதான் இங்கே மின்சாரத்தில் நடக்கிறது.

கணக்கும் எளிது. இரண்டு கன்டென்சரும் 15 நேனோஃபாரட், அதாவது மேலே 153 என்று அச்சிட்டது. பாலத்துக்கு 1 மெகா ஓம். எர்த்துக்கு இறங்கும் காலில் 39 கிலோவும் 6.8 கிலோவும் வரிசையாக. அதிர்வெண் சுமார் 50 ஹெர்ட்ஸ் வரும். பெரிய டிரம்மின் அடிவயிற்றுச் சத்தம் அதுதான். ஆனால் வெறும் 50 ஹெர்ட்ஸ் ‘தும்’ என்று மந்தமாகக் கேட்கும்; குச்சி தோலில் படுகிற அந்த முதல் கணம் இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. அடி விழும் முதல் சில மில்லிசெகண்டுகளுக்கு மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் அந்த 39 கிலோ ரெசிஸ்டரைக் குறுக்கிவிட வேண்டும். அந்தக் கணத்தில் சுருதி 129 ஹெர்ட்ஸுக்கு ஏறி, டிரான்சிஸ்டர் விட்டதும் 50க்கு விழும். காது அதை ‘டும்’ என்று கேட்கிறது. ஸ்பீக்கரில் முதல்முறை இதைக் கேட்கும் பிள்ளைகள் கையை எடுத்து நெஞ்சில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்யூட் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். மட்டமான அடாப்டரில் ஓட்டினால் லைனின் ஹம்மிங்கும் டிரம்மும் ஒரே சுருதியில் கலந்து, சர்க்யூட் தானாக முனகுகிறதோ என்று குழப்பும். சரிசெய்து முடிக்கிறவரை இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட்டு வேலை செய்வதே நல்லது. 741க்கு வேண்டிய பிளஸ், மைனஸ் இரண்டும் அதிலேயே கிடைத்துவிடும்.

அடி எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை இன்னொரு வால்யூம் கன்ட்ரோல் முடிவு செய்கிறது. வெளியே வரும் ஒலியில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விட்டால் அதிர்வு நீளும். இன்னும் விட்டால் இன்னும் நீளும். ஓர் எல்லையைத் தாண்டினால் நிற்கவே நிற்காது, ஊதல் போல ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை இப்புறம் நிறுத்துவதுதான் கைப்பழக்கம். மீட்டர் இதைச் சொல்லித் தராது. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டி நிறுத்துகிற இடமும் காது சொல்வதுதானே.

மிருதங்கம் என்றதும் எங்கள் ஊர்க்காரரைச் சொல்லாமல் போக முடியாது. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் நம் தாள வாத்தியங்களை ஆராய்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழிலும், பிறகு 1934இல் விரிவாகவும் எழுதினார். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலில் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் வராது, 1.59, 2.14 என்று கோணலாக வரும். அதனால்தான் மேல்நாட்டு டிரம்மில் சுருதி தெளிவாகத் தெரிவதில்லை. வலந்தலையில் பூசிய கரணை அந்தக் கோணலை நேராக்கி, ஐந்து மடங்கு வரை ஒழுங்காக அடுக்கிவிடுகிறது. யாரோ ஒரு தொழிலாளி பல நூற்றாண்டுக்கு முன் காதால் கண்டதை ராமன் கணக்கால் காட்டினார்.

சர்க்யூட்டுக்கு இது நேரடியாக உதவும். ஒரு பிரிட்ஜ்டு-டிக்கு ஒரே சுரம்தான். மேல்நாட்டு டாம் டிரம்முக்கு அது போதும். ‘தீம்’ என்ற சொல்லை வரவழைக்க வேண்டுமானால் ஒன்று, இரண்டு, மூன்று மடங்கில் மூன்று வலைகளைக் கட்டி ஒரே துடிப்பால் அடிக்க வேண்டும். இரண்டு கன்டென்சரையும் பாதியாக்கினால் சுருதி இரட்டிக்கும். மூன்றில் ஒரு பங்காக்கினால் மும்மடங்கு. இப்படிக் கட்டிய ‘தீம்’ ஓசை மிருதங்கத்தின் நாதம் ஆகிவிடாது, ஆனால் தம்புரா சுருதியோடு சேர்கிறது. ஒற்றை வலையால் இதைச் செய்ய முடியாது.

ஸ்நேருக்கும் சிம்பலுக்கும் சுரம் மட்டும் போதாது, இரைச்சல் வேண்டும். டிரான்சிஸ்டர் ஒன்றின் எமிட்டர், பேஸ் இரண்டையும் தலைகீழாக மின்சாரத்தில் மாட்டினால், ஏழெட்டு வோல்ட் அளவில் அந்தச் சந்தி உடைந்து ‘உஸ்’ என்று இரையும். இரண்டு பேட்டரியின் 18 வோல்ட்டும் ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால் தாராளம். ஆனால் எல்லா டிரான்சிஸ்டரும் ஒரே மாதிரி இரையாது. பி.சி. 148 ஒரு கைப்பிடி வாங்கி ஒவ்வொன்றாகச் சாக்கெட்டில் சொருகிக் கேளுங்கள். ஒன்று மழை மாதிரி இரையும், இன்னொன்று படபடவென்று வெடிக்கும், மற்றொன்று ஊமை. ரேடியோவுக்கு ஆகாதென்று நாம் ஒதுக்குகிற இரைச்சல் டிரான்சிஸ்டரே இங்கே முதல் தரம்.

இதையே ஒரு பெரிய கம்பெனியும் செய்தது. ஏஸ் டோனை விட்டு வெளியேறிய காகெஹாஷி, 1972 ஏப்ரலில் ஒஸாகாவில் ரோலண்டைத் தொடங்கினார். அதன் முதல் சரக்கும் தாளப் பெட்டிதான், டி.ஆர்.-77. 1980இல் வந்த டி.ஆர்.-808ஐ ததாவோ கிகுமோதோ தலைமையில் வடிவமைத்தார்கள். அதன் பேஸ் டிரம், ஸ்நேர், டாம் எல்லாம் நான் மேலே சொன்ன பிரிட்ஜ்டு-டி வலைகளே. சிம்பலுக்கும் ஹை-ஹேட்டுக்கும் ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டினார்கள். வேறு யாரும் வாங்காத, குறையுள்ள டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கி அந்தப் பெட்டியில் போட்டதாகக் காகெஹாஷியே 2015இல் வந்த ‘808’ ஆவணப்படத்தில் சொல்கிறார். டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டு அத்தகைய குறைச் சரக்கு கிடைக்காமல் போனதும், 808ஐயும் நிறுத்த வேண்டியதாயிற்று.

வந்த புதிதில் 808ஐ மதித்தவர்கள் குறைவு. அதே 1980இல் அமெரிக்காவின் ரோஜர் லின், அசல் டிரம் ஒலியைச் சிப்பில் பதிந்து வைத்த எல்.எம்.-1ஐ விற்கத் தொடங்கியிருந்தார். அதன் விலை 4,995 டாலர். 808 விலை 1,195 டாலர். அசல் டிரம் கேட்டவர்களுக்கு 808 பொம்மையாகப் பட்டது. சுமார் 12,000 பெட்டிகள் செய்து 1983இல் ரோலண்ட் தயாரிப்பை நிறுத்தியது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் கைக்காசு இல்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். நியூயார்க்கின் தெருவிழாக்களிலிருந்து கிளம்பிய ஹிப்-ஹாப், டெட்ராய்ட்டின் டெக்னோ எல்லாம் அந்தப் பெட்டியின் மேல் வளர்ந்தவை. 1982இல் மார்வின் கேயின் ‘செக்‌ஷுவல் ஹீலிங்’, ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ இரண்டிலும் அதுதான் தாளம்.

அதே 1982இல் பம்பாயிலும் ஒரு 808 ஓடியது. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 808ஐயும் ரோலண்டின் வேறு இரண்டு கருவிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டை அப்போது யாரும் கவனிக்கவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் வியந்தது. சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற பாணி பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அதே சத்தத்தை ஓர் இந்தியர் பைரவியிலும் லலித்திலும் வாசித்து வைத்திருந்தார்.

நம் பக்கத்தில் இந்தப் பெட்டிகள் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களின் பெட்டி படுக்கையோடும் பர்மா பஜார் வழியாகவும்தான் வந்து சேர்ந்தன. இறக்குமதி கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். எல்லாக் குழுவாலும் வாங்க முடியாது. வாங்கிய குழுவிலும் டோலக், தபேலா, காங்கோ வாசிப்பவர்கள் அப்படியே இருந்தார்கள். பெட்டி போடுவது காலப்பிரமாணம் மட்டும். பாட்டுக்குள் போய்த் தாங்க ஆள் வேண்டும். மேடையில் ஆட்களின் எண்ணிக்கை குறைந்ததை நான் பார்த்தது, பதிந்த ஒலியைத் தட்டி எழுப்பும் ஆக்டோபேட் பரவிய பிறகு. அதை ரோலண்ட் 1985இல் விற்கத் தொடங்கியது. தாளக்காரர்களின் பிழைப்பைக் கெடுத்தது எது என்று பேசும்போது, பழைய அனலாக் பெட்டியின் தலையில் அந்தப் பழியைப் போடுவது சரியில்லை என்பது என் கட்சி.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் உதிரிபாகக் கடையிலோ நான் சொன்ன சாமான் எல்லாமே சொற்ப விலைக்குக் கிடைக்கும். முதலில் பிரெட்போர்டில் பேஸ் டிரம் ஒன்றை மட்டும் கட்டி, காது நிறையும் வரை கன்டென்சரை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு தாளத்துக்குப் போகலாம்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, கலைந்துபோன ஏதாவது குழுவின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளுக்கு அடியிலோ பழைய ரிதம் பாக்ஸ் கிடந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பவர் சப்ளையின் எலெக்ட்ரோலைட்டிக் கன்டென்சர்கள் காய்ந்திருக்கும், சுவிட்சுகளில் தூசி அடைந்திருக்கும். பெரும்பாலும் கோளாறு அவ்வளவுதான். கன்டென்சரை மாற்றி, சுவிட்சைச் சுத்தம் செய்து, விட்டுப்போன சால்டரை மறுபடி பிடித்துவிட்டால் ஓடும். இரைச்சல் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதே மாதிரி இரையும் இன்னொன்று கிடைக்காது.